மலைக்கு வேண்டியது குடும்ப மருத்துவர்

பழனி மலையின் மீது கொடைக்கானல் நகரம் தோன்றியதற்குக் காரணமே நோய்தான். மதுரைச் சீமையில் பணிபுரிந்துவந்த அமெரிக்க மிஷனரிமார், சமவெளியின் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தங்கள் குடும்பத்தாரைப் பறிகொடுத்தனர். முதலில் சிறுமலையில் இடம் தேடினர். அங்கும் மலேரியா அவர்களை விடவில்லை. அதன் பின்னரே 1845-ஆம் ஆண்டில் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினர். பெரியகுளத்துப் பக்கமிருந்து ஏறும் செங்குத்தான பாதையில், குதிரை மீதும், ஆட்கள் தோள் கொடுத்துச் சுமந்த டோலியிலும் அமர்ந்து மேலே சென்றனர். மோட்டார் ஓடும் மலைச்சாலை சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அமைந்தது.

ஆகவே, வெளியூராரின் நோய்க்கு மருந்தாக விளங்கிய மலை இது. ஆயின் அம்மலையிலேயே பிறந்து, உருளைக்கிழங்கும் பூண்டும் காப்பியும் மிளகும் விளைவிக்கும் மக்கள், தமக்கு நோய் வந்தால் என் செய்கின்றனர்? மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சிப் பக்கத்தார் கொடைக்கானலுக்குப் பேருந்து ஏறுகின்றனர். தாண்டிக்குடி, பாச்சலூர், கே.சி.பட்டிப் பக்கத்தார் வத்தலக்குண்டுக்கும் ஒட்டன்சத்திரத்திற்கும் திண்டுக்கல்லுக்கும் இறங்குகின்றனர். நோயாளிக்கு ஒரு நாள் கூலி போகிறது. துணைக்குச் செல்பவருக்கும் ஒரு நாள் கூலி போகிறது. பேருந்துக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் சேர்கின்றன. வெள்ளகவி போன்ற ஊர்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கிச் சென்ற காட்சி, கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை வந்து நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் காணப்பட்டது.

இவ்வளவு இடர்ப்பாடு இருப்பதனால் மக்கள் "நாளை பார்த்துக்கொள்வோம்" என்று நாட்களைத் தள்ளுகின்றனர். தள்ளிய நாட்களுக்குள் சிறு நோய் பெரு நோயாகிறது. இதனைத் தடுக்கும் வழி என்ன என்பதையும், அதில் ஊராட்சிகளின் பங்கு யாது என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

குடும்ப மருத்துவர் என்பவர் யார்?

கண்ணுக்கு ஒருவர், இருதயத்திற்கு ஒருவர், எலும்பிற்கு ஒருவர் என்று மருத்துவர்கள் பல துறையினராகப் பிரிந்திருப்பதை நாம் அறிவோம். குடும்ப மருத்துவர் இன்ன உறுப்பின் மருத்துவர் அல்லர். இன்ன குடும்பத்தின் மருத்துவர். பாட்டியின் மூட்டு வலி, தந்தையின் இரத்த அழுத்தம், தாயின் கர்ப்ப காலம், குழந்தையின் காய்ச்சல், மகனின் குடிப்பழக்கம், மருமகளின் மன வாட்டம் ஆகிய யாவற்றையும் முதலில் பார்ப்பவர் அவரே. தம்மால் தீர்க்கக்கூடியதைத் தீர்த்து, தீர்க்க இயலாததை உரிய இடத்திற்கு உரிய நேரத்தில் அனுப்பி, நோயாளி திரும்பி வந்தபின் தொடர்ந்து கவனிப்பதும் அவர் கடமையே.

இது எளிய வேலை என்று எண்ணுதல் வேண்டா. ஒன்றை ஆழமாகக் கற்பதைப் போலவே, எல்லாவற்றையும் போதிய அளவு கற்பதற்கும் தனிப் பயிற்சி தேவை. பிரிட்டனில் 1948-ஆம் ஆண்டில் தேசிய சுகாதாரப் பணி தொடங்கிய காலம் முதல், மக்கள் தத்தம் பகுதியிலுள்ள பொது மருத்துவரிடம் பெயரைப் பதிந்துகொள்கின்றனர். அவர் வழியாகவே பெரிய மருத்துவமனைக்குச் செல்வது அங்கு வழக்கம். நம் நாட்டிலும் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்புப் பெற வழி உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இதற்கெனத் தனித் துறையே இயங்குகிறது.

நமது மலையிலும் இதற்கு எடுத்துக்காட்டு இல்லாமல் இல்லை. கீழ்ப் பழனி மலையிலுள்ள கே.சி.பட்டியில், தொண்டு முறையில் நடைபெறும் ஆரம்ப சுகாதார மையம் ஒன்று, மலைவாழ் மக்களுக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் குடும்ப மருத்துவ முறையில் பணியாற்றி வந்துள்ளது. குடும்ப மருத்துவம் நகரத்தாருக்கு மட்டும் உரியதன்று, மலையூரிலும் நடத்திக் காட்டலாம் என்பதற்கு அஃதொரு சான்று.

ஆயிரம் பேரின் கணக்கு

பெரிய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். இதற்கு 1961-ஆம் ஆண்டில் கெர் ஒயிட் என்ற அமெரிக்க அறிஞரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஒரு கணக்கு விடையளிக்கிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் திரட்டிய விவரங்களைக் கொண்டு அவர்கள் கண்டது இதுவே: வயது வந்தோர் 1,000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதேனும் உடல்நலக் குறைவு ஏற்படுகிறது. அவர்களில் 250 பேர் மருத்துவரை நாடுகின்றனர். 9 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். 5 பேர் வேறொரு மருத்துவரிடம் அனுப்பப்படுகின்றனர். ஒரே ஒருவர்தான் பெரிய மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் செல்கிறார்.

தேசம் வேறு, காலம் வேறு; எனினும் கணக்கின் பொருள் நமக்கும் பொருந்தும். அந்த ஒருவருக்காக மதுரையிலும் தேனியிலும் திண்டுக்கல்லிலும் பெரிய மருத்துவமனைகள் வேண்டியவையே. ஆனால் அந்த 250 பேருக்கு வேண்டியவர் அருகிலேயே இருக்கும் மருத்துவர். அவர் இல்லாவிடில், 250 பேரில் எவர் அந்த ஒருவர் என்று பிரித்தறிய ஆளின்றிப் போகிறது.

இவ்வுண்மையை நம் நாடு முன்பே உணர்ந்திருந்தது. 1946-ஆம் ஆண்டில் போர் குழு, கிராமங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, வட்டாரந்தோறும் அந்நிலையங்கள் அமையத் தொடங்கின. நமது மலையடிவாரத்து ஆத்தூர் வட்டாரத்தில் 1959-ஆம் ஆண்டில் காந்திகிராமத்தார் முன்மாதிரிச் சுகாதாரத் திட்டம் ஒன்றை மேற்கொண்டனர். 1964-ல் அங்கு அதற்கெனத் தனி நிறுவனமும் எழுந்தது. வீடு தேடிச் சென்று நலம் விசாரிக்கும் முறை இப்பகுதிக்குப் புதிதன்று.

மலைப் பகுதிக்குச் சலுகையும் உண்டு. சமவெளியில் 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால், மலையில் 20,000 மக்களுக்கு ஒன்று என்பது அளவு. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று. மலையில் 3,000 பேருக்கு ஒன்று. ஆனால் கட்டடம் இருப்பது ஒன்று. அதனுள் மருத்துவர் தங்கியிருப்பது மற்றொன்று. இதனை நாம் கற்றுக்கொண்ட விதத்தை இங்குக் கூறுதல் தகும்.

நாம் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் மலை ஒன்றியம் ஒன்றில் நாம் பணியாற்றியபோது, ஓர் ஊராட்சியில் சுகாதார நிலையத்திற்குப் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. பின்புறம் மருத்துவருக்குக் குடியிருப்பும் கட்டப்பட்டது. நாமும் கோப்பில் "பணி முடிந்தது" என்று குறித்துக்கொண்டோம். அக்குடியிருப்புக்குத் தண்ணீர்க் குழாய் வரவில்லை என்பது நம் அலுவலகத்திற்கு எழுத்து மூலமாக இரு முறை வந்தது. அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் சேர்ப்போம் என்று பதில் எழுதினோம். மருத்துவரோ காலைப் பேருந்தில் வந்து பிற்பகல் பேருந்தில் கீழே இறங்கினார். தண்ணீரில்லாத வீட்டில் எவர்தாம் குடியிருப்பார்?

அவ்வாண்டு மழைக்காலத்தில், காப்பித் தோட்டத்தில் வேலை செய்த நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. ஒருவரிடம் ஊசி, மற்றொருவரிடம் மாத்திரை என்று எட்டு நாட்கள் கழிந்தன. ஒன்பதாம் நாள் இரவு மூச்சுத் திணறல் ஏற்பட்டது. சுகாதார நிலையத்தில் மருத்துவர் இல்லை. ஜீப் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கீழே கொண்டு சென்றனர். கொண்டை ஊசி வளைவுகள் முடியுமுன் ஜீப்பிலேயே அவர் உயிர் பிரிந்தது. கீழே ஆஸ்பத்திரியில் உடலைப் பார்த்த மருத்துவர், இடுப்பில் அரைஞாண் கயிற்றை விலக்கி, தீயால் சுட்டது போன்ற கருநிறப் பொருக்கு ஒன்றைக் காட்டினார். அது உண்ணிக் காய்ச்சலின் அடையாளம். காலத்தில் கண்டிருந்தால் சில நாட்கள் மாத்திரை உட்கொண்டே பிழைத்திருப்பார் என்றார்.

மறுவாரம் ஊராட்சி மன்றம் கூடியது. அங்கத்தினர்கள் நம்மைக் கேட்ட கேள்விகளை இங்கு எழுதத் தேவையில்லை. மலைச் சுனையிலிருந்து குடியிருப்புக்குக் குழாய் இழுக்க ஆன செலவு, அக்கட்டடத் திறப்பு விழாவின் செலவைக் காட்டிலும் குறைவு. குழாய் வந்த அடுத்த மாதமே மருத்துவர் குடும்பத்துடன் அங்குக் குடிவந்தார்.

அடுத்த மழைக்காலத்தில், இறந்தவரின் மகளுக்கு மூன்று நாட்களாகக் காய்ச்சல். அவளது தாய் மாலையில் அவளை அழைத்து வந்தாள். மருத்துவர் அக்குடும்பத்தின் கதையை அறிவார். அவர்கள் வீட்டைச் சுற்றியுள்ள புதரையும், விறகுக்குச் செல்லும் காட்டையும் நேரில் பார்த்தவர். ஆகவே செவிலியரைக் கொண்டு அக்குள், இடுப்பு முதலிய இடங்களை முதலில் சோதிக்கச் செய்தார். பொருக்கு அகப்பட்டது. அன்றிரவே மருந்து கொடுக்கப்பட்டது. இரண்டாம் நாள் காய்ச்சல் தணிந்தது. நோய் ஒன்றே, ஊரும் வீடும் ஒன்றே. முந்திய ஆண்டு அவ்வூரில் இல்லாதிருந்தவர், அக்குடும்பத்தை அறிந்த மருத்துவர் ஒருவரே.

மலையூரில் கவனிக்க வேண்டிய நோய்கள்

நிற்க. மலையில் வாழ்வோர் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளைச் சுருக்கமாகக் கூறுவோம்.

உண்ணிக் காய்ச்சல்: புதரிலும் புல்லிலும் இருக்கும் மிகச் சிறிய பூச்சியின் இளம் பருவம் கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் வலி இராது; ஆதலின் தெரிவதில்லை. பெரும்பாலும் 10 நாட்கள் அளவில் கடும் காய்ச்சலும் தலைவலியும் தோன்றும். கரும் பொருக்கு எல்லோருக்கும் உண்டாவதில்லை. உண்டானாலும் பெரும்பாலும் துணி மறைக்கும் இடத்தில் இருக்கும். டாக்சிசைக்ளின் என்னும் மருந்து இதற்கு நன்கு பயன்படுகிறது. கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து உண்டு. மூன்று நாட்கள் காய்ச்சல் நீடித்தால் சுகாதார நிலையத்திற்குச் செல்க. தோட்டத்திலும் காட்டிலும் வேலை செய்பவர் என்பதை மருத்துவரிடம் தவறாது கூறுக.

இருமல்: இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். காசநோய்க்கு வழக்கமான மருந்து 6 மாதங்கள். உடல் தேறியதும் நடுவில் நிறுத்துவோர் தமக்கும் வீட்டாருக்கும் தீங்கு தேடிக்கொள்கின்றனர். குளிருக்காகக் கதவடைத்து விறகு எரிக்கும் வீடுகளில், புகையினாலும் பெண்களுக்கு நுரையீரல் கெடுகிறது.

இரத்த அழுத்தமும் நீரிழிவும்: இவை வலி தராமல் வளர்பவை. நீரிழிவு பருத்த உடலினருக்கே வரும் என்னும் எண்ணம் தவறு. மெலிந்த உழைப்பாளருக்கும் வருகிறது. ஊட்டக் குறைவினால் வரும் ஒருவகை நீரிழிவை 5-ஆம் வகை என்று பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2025-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. வேலூர் மருத்துவர்களின் ஆராய்ச்சியும் இதற்குத் துணை நின்றது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் பணியாளர்கள் வீட்டிற்கே வந்து அளந்து பார்க்கின்றனர். மாத்திரையை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. நாள்தோறும் உட்கொள்ள வேண்டும்.

பாம்புக் கடி: கயிற்றால் இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் ஆகியவை கூடா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து உடனே கொண்டு செல்க. நம் நாட்டு நச்சு முறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சினைக் கொண்டு தயாரிக்கப்படுவது. மலைச் சோலைகளில் வேறு வகை விரியன்களும் உண்டு. அவற்றிற்கு இம்மருந்து பயன் தருவதில்லை. எனவே கடித்த பாம்பின் தோற்றத்தைக் கூறுதல் மருத்துவருக்கு உதவும். அதனைப் பிடிக்க முயன்று மற்றொருவர் கடிபடுதல் வேண்டா.

பூச்சி மருந்து: காற்றுக்கு எதிராக நின்று தெளித்தல், கையால் கலக்குதல், தெளித்த கையோடு உண்ணுதல் ஆகியவற்றைத் தவிர்த்திடுக. மயக்கமோ வாந்தியோ கண்டால், மருந்து டப்பாவையும் உடன் எடுத்துச் செல்க. அதிலுள்ள பெயரே சிகிச்சைக்கு வழிகாட்டும்.

ஊராட்சி செய்யக்கூடியவை

மருத்துவரை நியமிப்பது அரசின் பொறுப்பு. நியமிக்கப்பட்டவர் ஊரில் தங்கிக் குடும்பங்களை அறிந்துகொள்ளும்படி செய்வது, பெரிதும் ஊராரின் கையில் உள்ளது. இப்போது ஊராட்சிப் பொறுப்பில் உள்ளோரும், இனி வரவிருக்கும் அங்கத்தினர்களும் பின்வருவனவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறோம்.

முதலாவது, குடியிருப்பு. மருத்துவரும் கிராம சுகாதாரச் செவிலியரும் தங்கும் வீட்டிற்குத் தண்ணீர், விளக்கு, பத்திரமான கதவு ஆகியவை உள்ளனவா என்று நேரில் சென்று பாருங்கள். கடிதம் வரும் வரை காத்திருக்க வேண்டா. காத்திருந்ததன் விலையை நாம் அறிவோம்.

இரண்டாவது, குடும்பப் பதிவேடு. எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், எங்கே காசநோய் மருந்து நடக்கிறது, எவர் நடக்க இயலாத முதியவர் என்னும் விவரம் செவிலியரிடம் இருக்க வேண்டும். ஊரின் நடுவிலுள்ள வீடுகள் தாமாகவே பதிவாகிவிடும். விடுபடுபவை ஓரத்துக் குடிசைகளும், பளியர் முதலான பழங்குடி மக்களின் குடியிருப்புகளும், தோட்டத்தில் தற்காலிகமாகத் தங்கும் கூலியாட்களின் கொட்டகைகளுமே. அவற்றைக் காட்டிக் கொடுக்க வார்டு அங்கத்தினரைவிடத் தக்கவர் இல்லை.

மூன்றாவது, இரவு வண்டி. 108 ஆம்புலன்ஸ் 2008-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் ஓடுகிறது. எனினும் மலையில் அது வந்து சேரும் நேரம் கூடுதல். ஊரிலுள்ள ஜீப் உரிமையாளர்களின் தொலைபேசி எண்களைச் சுகாதார நிலையச் சுவரில் எழுதி வையுங்கள்; வாரத்திற்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து சாலை அடைபடுவதுண்டு. அக்காலத்தில் பிரசவ நாள் நெருங்கிய பெண்களைச் சில நாட்கள் முன்னதாகவே ஆஸ்பத்திரிக்கு அருகில் தங்க வைப்பது நல்லது.

நான்காவது, குடிநீர். தொட்டியைக் கழுவிக் குளோரின் இடுவது ஊராட்சியின் சொந்தக் கடமை. இதனைச் சரிவரச் செய்யும் ஊரில், வயிற்றுப்போக்கோடு வரும் கூட்டம் குறையும்; மருத்துவருக்கு மற்ற நோயாளிகளைக் கவனிக்க நேரம் கிடைக்கும்.

ஐந்தாவது, கிராம சபை. ஆண்டில் 6 முறை கூடும் சபையில் சுகாதாரத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "புதிய கட்டடம் எப்போது?" என்ற கேள்வியே முன்வருகிறது. அதற்கு முன் வேறு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சென்ற மாதம் மருத்துவர் எத்தனை இரவுகள் ஊரில் தங்கினார்? தங்காவிடில், தடையாக இருந்தது யாது? எந்த மருந்து தீர்ந்துபோய் எத்தனை நாட்கள் இல்லாதிருந்தது? குற்றம் காணும் நோக்கம் வேண்டா. தடையை நீக்கும் நோக்கத்தோடு கேட்க வேண்டும். குறை கூறுவதற்கு மட்டும் கூடும் ஊரில் எந்த மருத்துவரும் நிலைத்திரார்.

ஆறாவது, ஊசி மோகம். "ஊசி போட்டால்தான் வைத்தியம்" என்னும் எண்ணம் நம் மக்களிடம் வேரூன்றியுள்ளது. கேள்வி கேட்டு, உடலைச் சோதித்து, ஊசி இல்லாமல் அனுப்பும் மருத்துவரைக் குறைவாக மதித்து, உரிய படிப்பில்லாதவரிடம் பணம் கொடுத்து ஊசி போட்டுக்கொள்வோர் பலர். முன்னர்க் கூறிய தோட்டத் தொழிலாளியின் எட்டு நாட்கள் அவ்வாறே கழிந்தன. அவருக்கு வேண்டியிருந்தது ஊசி அன்று. அரைஞாண் கயிற்றை விலக்கிப் பார்க்கும் ஒருவர்.

முடிவாக ஒரு சொல்

மருத்துவம் என்பது நான்கு பகுதிகளை உடையது என்பார் வள்ளுவர்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, மருந்தை உடனிருந்து கொடுப்பவர். இவற்றுள் முதல் மூன்றையே நாம் எண்ணுகிறோம், நான்காவதை மறந்துவிடுகிறோம். மலையூரில் அந்த நான்காவது இடம் ஊராட்சிக்கு உரியது. பாதையைச் செப்பனிட்டு, குடிநீரைத் தூய்மையாக்கி, மருத்துவரின் வீட்டில் விளக்கெரியச் செய்யும் ஊராட்சி, நோயாளியின் அருகில் நின்று மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இன்று மாலை உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தின் பக்கம் ஒருமுறை நடந்து செல்லுங்கள். குடியிருப்பில் ஆள் இருக்கிறாரா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையெனில், அடுத்த மழைக்காலத்திற்கு முன் அதனைச் சரி செய்ய முனையுங்கள்.